ஏழு கிலோ நயினார்

“கொஞ்சம் ஓரமா வாங்க” என்று சொல்லி, இத்தாலியப் பெண்மணியின் நீலப் பெட்டியை இரண்டே விரலால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடிக்கிறார் தன்யகுமார். கண்ணை மூடுகிறார். நாடி பார்க்கும் வைத்தியருடைய முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். “ஒம்பது நானூறு” என்கிறார். அதற்குப் பிறகுதான் பெட்டி தராசில் ஏறும். தராசு 9.38 என்று காட்டுகிறது. “இருபது கிராம் நம்ம கை தப்பு. வயசாவுது இல்ல?” என்று தராசிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்து வந்த பெண்மணி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், காபிக் கடைக்கும் வாடகை சைக்கிள் கடைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய பத்துக்குப் பத்து அலுவலகம். ‘விமானப் பயணக் கைப்பெட்டி முன்பரிசோதனை நிலையம்’ என்று பலகை. அதன் கீழே மூன்று விதிகள். ஒன்று: கைப்பெட்டி ஏழு கிலோவுக்கு மேல் ஒரு கிராமும் கூடாது. இரண்டு: கூண்டில் இறங்காத பெட்டி விமானத்தில் ஏறாது. மூன்று: அடுத்தவர் பொருளை உங்கள் பெட்டியில் ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். மூன்றாவது விதியின் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்ததை ஒரு பிரெஞ்சுக்காரர் தம் மொழியிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பெட்டி எட்டரை கிலோ இருந்தது. “எந்த பாஷைல எழுதினாலும் ஏழுதான் சார்” என்று அவரையும் ஓரமாக வரச் சொல்லிவிட்டார் தன்யகுமார்.

விமான நிலையம் இங்கிருந்து நாலு மணி நேரம். அங்கே போய், விமானத்தின் வாசலில், நூறு பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்து அழுவதை, இங்கேயே அமைதியாக அழுதுவிட்டுப் போகலாம் என்பதுதான் அவர் நடத்தும் தொழிலின் சாரம். அழுவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கிறார்.

நாற்காலிக்கு எதிரே நிற்கிறது கூண்டு. முக்கால் அங்குலச் சதுரக் குழாயில், அவலூர்பேட்டை சாலை கிரில் பட்டறை முருகையன் செய்து கொடுத்தது. மேலே திறப்பு, பெட்டியைக் குத்துவாக்கில் உள்ளே இறக்க வேண்டும். மஞ்சள் பெயிண்டில் 55-35-25 என்று அளவு எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் ஈரத் துணியால் துடைக்கிறார். பெட்டி சிக்கிக்கொண்டால் தம் கட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. “தள்ளாதீங்க. இரும்பு பொய் சொல்லாது” என்பார்.

மீனம்பாக்கத்தில் பதினோரு வருஷம் இதையேதான் செய்தார். ஒரு விமானக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரிடம் வேலை. விமானத்துக்குள் நுழையும் கடைசி வாசலில், டை கட்டிக்கொண்டு, ஒரு இரும்புக் கூண்டும் ஒரு தராசும் வைத்துக்கொண்டு நிற்பது. மந்திரியின் மைத்துனர் என்று சொல்லிக்கொண்டவரை நிறுத்தியிருக்கிறார். நிஜமான மைத்துனரையும் நிறுத்தியிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் காண்ட்ராக்ட் கை மாறியபோது அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார், டையைத் திருப்பிக் கொடுத்தார். எடை பார்க்கும் கையையும் ‘கொஞ்சம் ஓரமா வாங்க’ என்ற அந்த ஒரு வாக்கியத்தையும் வாங்கிக்கொள்ள யாருமில்லாததால் அவற்றோடு ஊருக்கு வந்துவிட்டார்.

ஆகவே அந்த வாக்கியம் எங்கும் வரும். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் முண்டியடிக்கிறவர்களைப் பார்த்து வரும். தூக்கத்திலும் வரும் என்று அவர் மனைவி சொல்கிறார். போன தை மாதம் ஆரணிப் பக்கத்தில் சொந்த கிராமத்து ஜினாலயத்தில் ஒரு பெயர்சூட்டு விழா. குழந்தையை எல்லாரும் வாங்கிக் கொஞ்சினார்கள். இவர் முறை வந்தபோது வாங்கிப் பார்த்து, கண்ணை மூடி, “ஆறு எண்ணூறு. உள்ள வுடலாம்” என்று ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார். தமிழ்ச் சமணர்களை நயினார் என்று மரியாதையாகச் சொல்வது இந்த ஜில்லா வழக்கம். அன்றிலிருந்து ஏழு கிலோ நயினார் என்ற பட்டமும் நிலைத்துவிட்டது.

இத்தனை பேரை விமானத்துக்குள் அனுப்பியவர், இத்தனை பேரை அனுப்பாமல் நிறுத்தியவர், ஐம்பது வயது வரைக்கும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து விமானத்தின் கதவு நாற்பது அடி. பதினோரு வருஷமாக எண்ணி வைத்திருக்கிறார். ஏன் ஏறவில்லை என்று கேட்டால், “அதுல இன்னா இருக்குது? உக்காந்தா போர் அடிக்கும்” என்பார். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னாத மாதிரி என்று ஊர் நினைத்தது. உண்மை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மனைவி சுனந்தா.

சுனந்தா அம்மாள் வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். எந்தக் கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்பது அவருக்கு மனப்பாடம். வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஒரு விரதம் அவர்கள் வழியில் உண்டு. அவர் அதைச் சத்தமில்லாமல் கடைப்பிடிக்கிறவர். பதினாறு புடவை. பதினேழாவது புடவை வாசல்படி ஏறினால் ஏதாவது ஒன்று அன்றைக்கே இறங்கிப் போய்விடும். ஆக, அந்த வீட்டில் நிஜமான ஏழு கிலோ யார் என்பதில் சந்தேகம் கிடையாது. கணவர் அளவு பார்ப்பதெல்லாம் ஊராருடைய பெட்டியில்தான்.

ஏனென்றால், வேங்கிக்கால் புது நகரில் அவர்கள் கட்டிய இரண்டு படுக்கையறை வீட்டில் இரண்டாவது அறை ஒரு தனி உலகம். கடையில் பெட்டியைத் திறந்து அதிகப்படியை வெளியே எடுத்து வைக்கிறவர்கள், “அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கிறேன்” என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். தன்யகுமார் அதை நம்புகிறார். சட்டம் பேசுகிறவர்களுக்கு மனிதர்கள்மேல் இப்படி ஒரு மூட நம்பிக்கை இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் விமான நிலையத்துச் சீட்டு மாதிரியே ஒரு சீட்டு கட்டுவார்: பெயர், தேதி, தொலைபேசி எண், எத்தனை கிராம். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு அது. சாப்பாடு முடிந்ததும் அன்றைய வரவைக் கொண்டுபோய் அறையில் அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

நாலு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. மின்சாரக் கெட்டில் ஒன்பது. தியானத்துக்கு உட்காரும் வட்ட மெத்தை பதினேழு. தட்டினால் ஓம் என்று முழங்கும் நேபாளத்துக் கிண்ணம் இருபத்திரண்டு. லாரி போனால் எல்லாம் சேர்ந்து முழங்கும். நாற்பத்தாறாம் நம்பர் மலையேறும் பூட்ஸ் ஒரு ஜோடி. ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் விட்டுப்போன ஆளுயர ஊதுகுழல். மலையிலிருந்து பொறுக்கி, அமெரிக்கா போக இருந்து, வேங்கிக்காலோடு நின்றுவிட்ட கற்கள் ஒரு கூடை. பற்றை விடுவது எப்படி என்று தொள்ளாயிரம் பக்கத்தில் விளக்கும் ஒரு புத்தகம். அதை விட்டுப்போன புண்ணியவான் மட்டும்தான் படித்துப் பயனடைந்தவராகத் தெரிகிறது. இவர்களுடைய மகள் அக்ஷயா பெங்களூரிலிருந்து லீவில் வந்தால் ஹாலில் படுக்கிறாள். அவளுக்கென்று கட்டிய அறைதான் அது.

இந்தக் கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுனந்தா அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே விஷயத்தை எடுத்தார்.

“ஏங்க, அக்ஷயா டிக்கெட் போட்டுட்டா.”

“எங்க?”

“சம்மேதகிரி. ராஞ்சி வரைக்கும் பிளேன்ல.”

இருபது தீர்த்தங்கரர்கள் முக்தி அடைந்த மலை. கல்யாணம் ஆன வருஷமே கூட்டிப் போகிறேன் என்று தன்யகுமார் வாக்குக் கொடுத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. முதல் பதினோரு வருஷம் ஏதேதோ. அடுத்த பதினோரு வருஷம் ‘லீவ் இல்லை’. அதன் பிறகு ‘சீசன்’.

“ட்ரெயின்ல போலாமே. எனக்கு இந்த பிளேனு…”

“போர் அடிக்கும். தெரியும்” என்றார் சுனந்தா. “பயம்னு ஒரு வார்த்தை இருக்குது. எடை கம்மி, சொல்லிப் பாருங்க.”

தன்யகுமார் கீரைத் தண்டை எடுத்து எடை பார்த்தார்.

“இன்னொண்ணு. அந்த ரூம் காலியானாத்தான் நீங்க என்கூட வரீங்க. இல்லன்னா நான் மட்டும் போறேன். ஊரு சாமானை எல்லாம் ஊட்ல வச்சிக்கினு மலை ஏறி இன்னா பண்ணப் போறோம்?”

“அது அவங்க நம்பிக் குடுத்தது, சுனந்தா.”

“அவங்க நம்பிக் குடுக்கல. நீங்க ஓரமா வரச் சொல்லி எடுக்க வச்சது.”

இந்த வித்தியாசம் பதினைந்து வருஷத்தில் யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் அசையவில்லை. வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதிலேயே நின்றார். சுனந்தா அம்மாளும் அசையவில்லை. அன்றைய பேச்சு அத்தோடு நின்றது. அடுத்த சனிக்கிழமை சுனந்தா அம்மாள் ஒரு புதுப் பெட்டியோடு நேராகக் கடைக்கே வந்தார். கையில் ஒன்றுமில்லாமல் வருகிறவர் பெட்டியோடு வந்ததால் காபிக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

“சோதிச்சுச் சொல்லுங்க” என்றார், எதிரே வரிசையில் நிற்கிறவர் மாதிரி.

தராசின் முன்னால் தன்யகுமாருக்குச் சொந்தம் பந்தம் கிடையாது. “கொஞ்சம் ஓரமா வாங்க” என்றார். இரண்டு விரல். “ரெண்டு முன்னூறு. காலிப் பொட்டி.” தராசு ஆமோதித்தது. பெட்டியைக் கூண்டில் இறக்கினார். இறங்கவில்லை. பக்கவாட்டில் திருப்பினார். இறங்கவில்லை.

“பெரிய சைசா வாங்கிட்ட.”

சுனந்தா அம்மாள் பெட்டியில் தொங்கிய அட்டையைக் காட்டினார். 55-35-25. கூண்டின் மஞ்சள் எழுத்தைக் காட்டினார். அதுவும் 55-35-25. இரண்டையும் அருகருகே பார்த்த தன்யகுமார், கடைக்காரன் அட்டையில் பொய் எழுதியிருப்பான் என்றார். இரும்பு பொய் சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். முப்பது வருஷம் அரசாங்கக் கோப்பு பார்த்த பெண்மணி அட்டையையும் நம்பவில்லை, இரும்பையும் நம்பவில்லை. கைப்பையிலிருந்து தையல்காரரின் அளவு நாடாவை எடுத்தார். முதலில் பெட்டியை அளந்தார். சரியாக இருந்தது. பிறகு கூண்டுக்குள் கையை விட்டு அளந்தார்.

“முப்பத்தஞ்சு இருக்க வேண்டிய எடத்துல முப்பத்தொண்ணு. இருவத்தஞ்சுக்கு இருவத்தொண்ணு. அடியில ரெண்டு கம்மி.”

அளவு நாடாவையும் கணவரிடமே கொடுத்தார். தன்யகுமார் மூன்று தடவை அளந்தார். நாலாவது தடவையும் அளந்துவிட்டுக் கூண்டைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்.

அவலூர்பேட்டை சாலைக்கு ஆட்டோவில் போனார்கள். கூண்டும் சுனந்தா அம்மாளும் உட்கார, தன்யகுமார் தொங்கிக்கொண்டு போனார். கிரில் பட்டறை முருகையன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.

“அளவு கரெக்டா இருக்குதே நயினாரே. வெளிய அளந்து பாருங்க. அம்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, இருவத்தஞ்சு. ஒரு நூல் மாறாது.”

“வெளிய ஏன்யா அளந்த?”

“கதவு, ஜன்னல், கேட்டு, எல்லாத்துக்கும் வெளி அளவுதான? செவுத்துக்குள்ள போயி ஒக்காரணும் இல்ல? இதுக்கு உள்ள நீங்க சாமான் போடுவீங்கன்னு நான் இன்னாத்தக் கண்டேன்! கோழிக் கூண்டுன்னு நெனச்சேன். நயினாருக்கு எதுக்குடா கோழிக் கூண்டுன்னு ரெண்டு நாள் யோசனையாக்கூட இருந்துச்சி.”

அந்த நிமிஷத்தில் தன்யகுமாருடைய முகத்தைப் பார்த்த முருகையன் ஸ்டூலை எடுத்துப் போட்டான். நாலு வருஷம். கூண்டு சொன்னது என்று அவர் ஓரமாக வரச் சொன்னவர்களில் எத்தனை பேருடைய பெட்டி சரியாக இருந்ததோ! இரும்பு பொய் சொல்லவில்லை. வாங்கினவர் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தார்.

“புதுசா ஒண்ணு பண்ணித் தரேன். உள் அளவுல” என்றான் முருகையன். “அழுவாதீங்க நயினாரே, பட்டறைல வாடிக்கக்காரங்க வர்ற நேரம்.”

வீட்டுக்கு வந்தவர் அறையைத் திறந்தார். சீட்டுகளை எடுத்தார். அடுத்தவர் தப்பு செய்தால் ஓரமாக வரச் சொல்லலாம். தாமே தப்பு செய்தால் எங்கே போவது என்று அவருக்குப் பதினோரு வருஷப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. எது எடையால் நின்றது, எது கூண்டால் நின்றது என்று சீட்டில் இல்லை. ஆகவே முந்நூற்றுப் பன்னிரண்டு பொருளுக்கும் உரியவர்களைத் தொடர்புகொள்வது என்று தீர்மானித்தார். சுனந்தா அம்மாள் வாசகம் எழுதிக் கொடுத்தார். அரசாங்க நடை. ‘மதிப்பிற்குரியீர், தங்கள் பெட்டி சரியானது. என் கூண்டு தவறானது. தங்கள் பொருள் என் வசம் பத்திரமாக உள்ளது. அனுப்பும் முகவரி தெரிவிக்கவும்.’ மகள் அக்ஷயா பெங்களூரிலிருந்தே அதை ஆங்கிலமாக்கினாள். உள்ளூர்க்காரர்களுக்குப் போன், மற்றவர்களுக்கு வாட்ஸப். ஒரு வாரம் கடைக்கு லீவு.

பதில்கள் வந்தன. இத்தாலியிலிருந்து கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்று. புனேயிலிருந்து, ‘எந்தக் கிண்ணம்?’ என்று ஒரு கேள்வி. ஜெர்மனியிலிருந்து, எந்தக் கருவியால், எத்தனை தடவை, எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்று கேட்டு நாலு பத்தி. கடைசியில், பொருள் வேண்டாம், விவரம் மட்டும் போதும் என்று ஒரு வரி. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போனிலேயே உருகிவிட்டார்: “அண்ணா, அந்த மெத்தையை நீங்க எடுக்க வெச்சதே நல்லதுங்க. ஊட்டுக்குக் கொண்டு வந்திருந்தா அதுல உக்கார வெச்சே என்னைத் திட்டியிருப்பாங்க.” ஆஸ்திரேலியாக்காரர் தமக்கு அப்படி ஒரு குழல் இருந்ததையே மறந்திருந்தார். தொள்ளாயிரம் பக்கப் புத்தகக்காரர் பதிலே போடவில்லை. அவர் முழுமையாக விட்டவர்.

நாலு வருஷம் அறையைப் பூட்டி, சீட்டுக் கட்டி, தூசி தட்டிக் காத்த பொருள்கள் யாருக்கும் வேண்டாம். இதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். முதல் மூன்று நாள் கோபம்தான் வந்தது. “ஒருத்தருக்காவது ஒரு பொறுப்பு வேணாம்?” என்று நேபாளத்துக் கிண்ணங்களைப் பார்த்துக் கேட்டார். லாரி ஒன்று போனது. அவை பதில் சொல்லின.

வேண்டும் என்று வந்தவர் ஒரே ஒருவர். அடி அண்ணாமலை ஆராயி அம்மாள். மகளின் பிரசவத்துக்குத் துபாய் போனபோது கைப்பெட்டியில் ஒரு சின்ன இடிகல்லைப் புடவைக்குள் சுற்றிக் கொண்டுபோகப் பார்த்தவர். போன் போட்ட அரை மணியில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்தார்.

“யோவ் நயினாரே! எங்கய்யா என் கல்லு?”

“இந்தா இருக்குதும்மா. மூணு நூத்தம்பது. அப்படியே இருக்குது.”

“ரெண்டு வருசமா மிளகு இடிக்க டம்ளரு அடியில போட்டு நசுக்கிக்கினு கெடக்கறேன். அங்க எம் பொண்ணு ஊட்லயும் ஒண்ணும் கெடையாது, டம்ளருதான். மருமவன் எழுந்து எழுந்து வந்து இன்னா சத்தம் இன்னா சத்தம்ங்கறான். கேக்கலாம்னா உன் கடை எந்தச் சந்துன்னே மறந்துபூட்டேன்.”

“தப்பு என் பேர்லதாம்மா. கூண்டு சின்னதாப் போச்சி.”

ஆராயி அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். “கூண்டு சின்னதோ பெருசோ, கல்ல எவன்யா பிளேன்ல ஏத்துவான்? நீ சொன்னது சரிதான். வச்சிருந்து குடுத்த பாரு, அதான் பெருசு.” கல்லை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். பிறகு அறையை எட்டிப் பார்த்தார். பார்த்த கண் அப்படியே நின்றது. “அடேங்கப்பா! இத்தினியும் யாருக்கு?”

“யாருக்கும் வேணாமாம்.”

“வேணாம்னு எவன் சொன்னான்? வேணாங்கறவங்ககிட்டயே கேட்டா? வர்ற பௌர்ணமிக்கு எங்க ஊராண்ட எடுத்தா. நடக்கறவங்க லச்சம் பேரு போறாங்க. சோறு போடறான், மோரு ஊத்தறான். நீ கெட்டில குடு.”

பௌர்ணமி அன்று காலையிலேயே திதி பிறந்துவிட்டது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஆராயி அம்மாள் வீட்டு வேப்ப மரத்தடியில் இரண்டு மேஜை. மினி லாரியில் முந்நூற்றுப் பதினோரு உருப்படி வந்து இறங்கின. இலவசம் என்று எழுதி வைத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. தன்யகுமாரும் தராசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது எதுக்கு?” என்றார் சுனந்தா அம்மாள்.

“ஒருத்தருக்கு ஏழு கிலோதான்” என்றார் அவர். “இல்லன்னா ஒருத்தரே அள்ளிக்கினு பூடுவாங்க.”

உலகத்திலேயே தானத்துக்கு எடை வரம்பு விதித்த முதல் மேஜை அதுவாக இருக்கலாம். ஆனால் வரிசை ஒழுங்காக நகர்ந்தது. போளூரிலிருந்து நடந்து வந்த ஒரு குடும்பம் கெட்டில் வாங்கிக்கொண்டது. நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸ் ஒரு சாமியாருக்குப் பொருந்தியது. அவர் தொள்ளாயிரம் பக்கப் புத்தகத்தையும் தலைக்கு வைத்துப் படுக்க உயரம் பார்த்து எடுத்துக்கொண்டார். செங்கம் பக்கத்து நிலக்கடலை விவசாயி ஒருவர் ஆளுயரக் குழலை வாயில் வைத்து ஊதினார். மோர் குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் டம்ளரைத் தவறவிட்டார்கள். “மல்லாட்டக் கொல்லைல பன்னித் தொல்லை ஜாஸ்தி. இது போதும் எனக்கு” என்று தோளில் சாய்த்துக்கொண்டு போனார். தியான மெத்தைகள் அத்தனையும் ஒரு பால்வாடிக்குப் போயின. அமெரிக்கா போகாத கற்களைத் தன்யகுமாரே கூடையோடு எடுத்துப்போய், மலையடிவாரத்தில் ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். எடை பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் மேஜை காலி. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அறையைத் திறந்தார்கள். பேசினால் எதிரொலித்தது. அக்ஷயாவுக்கு வீடியோவில் காட்டினார்கள். “அப்பா, என் ரூமுக்கு ஜன்னல் இருக்குதா!” என்றாள் அவள்.

புறப்படும் நாள். தன்யகுமாருடைய பெட்டி நாலு கிலோ நூறு: இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, துண்டு, பூஜைக்கு அரிசி, வழிக்குப் புளிச்சோறு. ஒன்பது தடவை எடை போட்டிருந்தார். தம்முடைய தராசையும் எடுத்துப்போகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. சுனந்தா அம்மாள் ஒரு பார்வை பார்த்தார். யோசனை வீட்டிலேயே தங்கிவிட்டது. மீனம்பாக்கத்தில் பாதுகாப்புச் சோதனை தாண்டி, தாம் பதினோரு வருஷம் நின்ற அதே மாதிரி ஒரு வாசலின் முன்னால், முதல்முறையாக அந்தப் பக்கத்து வரிசையில் நின்றார். மதியம் மூன்று மணி. விதி தெரிந்தவர் என்பதால் எங்கே எது தவறலாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

வாசலில் ஒரு பெண். நெஞ்சில் தென்றல் என்று பெயர்ப்பட்டை. பக்கத்தில் கூண்டும் தராசும். இவர்கள் முறை வந்தபோது சீட்டைப் பார்த்துச் சிரித்து, “போங்க சார்” என்று சொல்லிவிட்டாள். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தன்யகுமாருக்கு இது தாங்கவில்லை. “எடை பாக்கலியாம்மா?”

“தேவையில்ல சார். பாத்தாலே தெரியுது.”

“கூண்டுல ஒரு தடவ…”

“ஏங்க, வாங்க” என்று சுனந்தா அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். இரண்டடி போனார்கள். இன்னும் முப்பத்தெட்டு அடி.

“கொஞ்சம் ஓரமா வாங்க.”

குரல் பின்னாலிருந்து வந்தது. சொன்னவள் தென்றல், சொல்லப்பட்டவர் வேறு யாரோ. ஆனால் தன்யகுமாரின் கால் தானாக ஓரம் கட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு மனிதர், சிமெண்டில் வெடித்த விரல்கள், பழுப்புப் பையின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. தராசு 8.7 என்றது. அவர் மண்டியிட்டு ஜிப்பைத் திறந்து, புடைப்புக்குக் காரணமானதை வெளியே எடுத்தார். பளபளவென்று ஒரு இட்லிக் குண்டான், நாலு தட்டோடு.

“மேடம், இட்லி” என்றார் அந்த மனிதர், கற்றுக்கொண்ட தமிழில். “என் ஊட்டுக்காரி பாத்ததே இல்ல. நான் சொன்னா சிரிக்கறா. ஒரகடத்துல ஆறு வருசம் சாப்ட்டேன் மேடம். அவளுக்குச் செஞ்சு காட்டணும்.”

“சாரிங்க. ஒண்ணு கூடுதல் எடைக்குப் பணம் கட்டணும், இல்ல இங்கயே வெச்சிட்டுப் போகணும்” என்றாள் தென்றல். கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். அதைத் தன்யகுமாரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. அந்த மனிதர் குண்டானைத் தரையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி எழுந்தார். அப்படி எழுந்தவர்களைப் பதினோரு வருஷம் பார்த்திருக்கிறார் தன்யகுமார். கடையில் நாலு வருஷம். எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுவார்கள்.

“ஏங்க?” என்றார் சுனந்தா அம்மாள்.

சிவப்பு மையில் இரண்டு கோடு போட்ட மூன்றாவது விதி அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் இரண்டு எட்டில் திரும்பி வந்தார். குனிந்து, குண்டானை இரண்டு விரலால் ஒரு சாண் தூக்கினார். கண்ணை மூடினார்.

“ஒண்ணு எண்ணூறு” என்றார்.

தென்றல் அவரைப் பார்த்தாள். அவருடைய பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பயணிகள் பட்டியலில் ஏதோ ரொம்ப முக்கியமானதைத் தேடத் தொடங்கினாள்.

தன்யகுமார் தரையில் உட்கார்ந்து தம் பெட்டியின் ஜிப்பைத் திறந்தார். வேட்டிகளை ஒரு பக்கமும் அரிசிப் பையை இன்னொரு பக்கமும் ஒதுக்கி நடுவில் பள்ளம் பறித்தார். குண்டானின் மூடியை எடுத்து, நாலு தட்டையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உள்ளே விரல்விட்டுத் தடவிச் சோதித்து, மறுபடி அடுக்கி மூடிப் பள்ளத்தில் உட்காரவைத்தார். துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது.